மொட்டைவாலனைப் பார்த்துக்கொண்ட பெட்டி

ஊசிமலை அடிவாரக் காட்டில் மொட்டைவாலன் என்றொரு காட்டுப்பன்றி தனியாக இருந்தான்.

வால் எப்படிப் போனது என்பதற்கு அவனிடம் ஏழு கதைகள் இருந்தன. சிறுத்தை கடித்தது ஒரு கதை. இடி விழுந்து பொசுங்கியது இன்னொரு கதை. ஒரு யானை ஆசைப்பட்டுக் கேட்டது, மறுக்க மனமில்லாமல் கொடுத்துவிட்டேன் என்பது மூன்றாவது. கேட்க ஆள் இல்லாததால் ஏழு கதைகளையும் ஒரு வேப்பமரத்திடம் சொல்வான். மரம் ஒருநாளும் "அப்புறம்?" என்று கேட்டதில்லை.

முன்பெல்லாம் அவன் தன் அக்கா செம்பியின் கூட்டத்தோடுதான் இருந்தான். போன கோடையில் குட்டிகளுக்கென்று அவள் தோண்டி வைத்திருந்த கிழங்குகளை ஒரே மத்தியானத்தில் தின்று தீர்த்துவிட்டான். கேட்டதற்கு, "காற்றடித்துக் கொண்டுபோய்விட்டது அக்கா" என்றான். வாயோரம் மண் அப்பியிருந்தது.

செம்பி அதட்டவில்லை. "போடா" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லோடு ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவன், இந்தப் பக்கமே கிடந்தான். சாயங்காலமானால் அக்கரையில் குட்டிகள் போடும் சத்தம் கேட்கும். அப்போது மட்டும் அவன் மெல்லுவதை நிறுத்திவிடுவான்.

ஒருநாள் காட்டோரத்தில் புதிதாக ஒன்றைக் கண்டான். வட்டமாக இரும்பு வலை அடித்த பெரிய பட்டி. உள்ளே குவியல் குவியலாக மக்காச்சோளம். வாசலில் கதவு இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கதவு தலைக்கு மேலே தொங்கியது. பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒற்றைக் கண்ணாடிக் கண்.

மொட்டைவாலன் ஒரு காலை உள்ளே வைத்தான். பெட்டியில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

வெலவெலத்துப் பின்வாங்கினான். விளக்கு அணைந்தது. மறுபடி காலை வைத்தான். மறுபடி எரிந்தது.

"என்னையா பார்க்கிறாய்?" என்று கேட்டான்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷத்தில் அவன் வந்ததைக் கவனித்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். வயிறாரத் தின்றான். தின்றபின் வால் போன கதையைத் தொடங்கினான். ஏழு கதைகளையும் சொன்னான். பெட்டி கண்ணை எடுக்கவே இல்லை. அந்த மரியாதைக்காகவே எட்டாவதாக ஒன்றைப் புதிதாகக் கட்டிச் சொன்னான்.

பத்து நாள் இப்படிப் போனது. காலில் முள் ஏறி நொண்டிய நாளிலும் தவறாமல் வந்தான்.

பதினோராம் நாள் மஞ்சமூக்கி என்ற மைனா வந்து கம்பத்தில் உட்கார்ந்தாள். காட்டை ஒட்டிய தோட்டத்துக்காரர் சென்னியப்பன் வீட்டு ஓட்டுக்கடியில்தான் அவள் கூடு. கேட்டதை அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அர்த்தம் என்ன என்று மட்டும் அவளிடம் கேட்கக்கூடாது.

"அண்ணே, உன் முகம் சென்னியப்பன் போனில் தெரிகிறது" என்றாள். "இந்தப் பெட்டி பார்ப்பதெல்லாம் அவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்."

"என்னைப் பற்றியா? என்ன சொன்னார்?"

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு சென்னியப்பன் குரலிலேயே சொன்னாள்: "அவன் தனியாத் திரியறவன். குடும்பத்தோட வரட்டும். அவனை நான் பார்த்துக்கறேன்."

மொட்டைவாலன் கம்பத்தை ஒட்டி வந்து நின்றான்.

"கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

"அவனை நான் பார்த்துக்கறேன்."

"இன்னொரு தடவை."

"போ அண்ணே, எனக்கு வேறு வேலை இருக்கிறது."

'பார்த்துக்கறேன்' என்று அவனிடம் சொன்னவர் இந்தக் காட்டிலேயே ஒருவரும் கிடையாது. அதுவும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டுக்காரர்கள் அப்படித்தானே அழைப்பார்கள்! மொட்டைவாலன் அன்றே நொண்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினான். ஒரு வருஷம் தாண்டாத ஓடை. தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது.

அக்கரையில் கோடை கடுமையாக இருந்தது. குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. செம்பி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடா?"

"அக்கா, விருந்துக்குக் கூப்பிட வந்தேன். நம் எல்லோரையும் ஒருவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்."

"இது எத்தனையாவது கதை?"

"கதை இல்லை அக்கா. பெட்டி மூலமாக இராப்பகலாய் என்னைப் பார்க்கிறார்."

"ஒருநாளாவது நேரில் வந்தாரா?"

"வீடு கூப்பிடு தூரத்தில்தான்."

"நான் வீட்டைக் கேட்கவில்லை. வந்தாரா?"

"இல்லை."

"நீ நொண்டுவதைப் பார்த்தாரா?"

"பார்த்திருப்பார். எல்லாம் தெரியும் அவருக்கு."

"பார்த்து?"

மொட்டைவாலனிடம் எட்டுக் கதைகள் இருந்தன. எதையும் எடுக்காமல், "அங்கே மக்காச்சோளம் குவிந்து கிடக்கிறது அக்கா" என்றான்.

'மக்காச்சோளம்' என்ற சொல் குட்டிகளின் காதில் விழுந்துவிட்டது. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க முடியும்? மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் செம்பி கூட்டத்தோடு வந்தாள். வாசலுக்கு வெளியே உண்ணிச்செடிப் புதரில் அவள் நின்றுகொண்டாள். ஏழு குட்டிகளும் நிற்கவில்லை. உள்ளே ஓடிச் சோளத்தில் தலையைப் புதைத்துக்கொண்டன.

மொட்டைவாலன் நடுவில் நின்று பெட்டியைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. "பார்த்தீர்களா? குடும்பம்" என்றான் பெருமையாக.

அப்போது மஞ்சமூக்கி பறந்து வந்தாள்.

"அண்ணே, சென்னியப்பன் வீட்டில் ஒரே குதூகலம். கூண்டு வைத்துக் கொடுத்த ஆள், 'பொத்தானை அமுக்கட்டுங்களா, கதவு விழுந்துரும்' என்கிறார். இவர், 'பொறுங்க, அந்தப் பெரியவளும் உள்ள வந்துரட்டும். பத்து நாளா அந்த ஒத்தையை எதுக்குத் தின்ன விட்டேன்? லாரிக்குச் சொல்லியாச்சு' என்கிறார். லாரி என்றால் என்ன அண்ணே? ஊர்வலமா?"

மொட்டைவாலனுக்கு லாரி தெரியும். லாரி ஏறிய பன்றி எதுவும் திரும்பி வந்து கதை சொன்னதில்லை.

அண்ணாந்து தொங்கும் கதவைப் பார்த்தான். பெட்டியின் கண்ணைப் பார்த்தான். தான் அழைக்கப்பட்ட விருந்தாளி இல்லை, கொட்டி வைத்த சோளத்தோடு சேர்ந்த இன்னொரு சோளம் என்பது அப்போது புரிந்தது.

வாசலில் செம்பி ஒரு காலை உள்ளே வைக்கப்போனாள்.

"வராதே அக்கா!"

செம்பி நின்றாள்.

குட்டிகள் கேட்கிற நிலையில் இல்லை. ஒவ்வொன்றாக மூக்கால் நெட்டித் தள்ளினான். ஒன்றைத் தள்ளினால் ஒன்று திரும்பி ஓடிவந்தது. "மாமா கஞ்சன்" என்று கத்தியது ஒன்று. முள் ஏறிய காலோடு சுற்றிச் சுற்றி ஓடி ஆறை வெளியே தள்ளிவிட்டான். ஏழாவதைக் கவ்வி வாசலுக்கு வெளியே எறிந்த கணத்தில், படாரென்று கதவு விழுந்தது.

உள்ளே மொட்டைவாலன் மட்டும் இருந்தான்.

கூட்டம் காட்டுக்குள் சிதறி ஓடியது. புழுதி அடங்கியது. சிவப்பு விளக்கு அவன் மேல் எரிந்தது. அன்றைக்கு அவன் அதற்குக் கதை எதுவும் சொல்லவில்லை. மூலையில் போய் முகத்தை வலைப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டான். வால் எப்படிப் போனது என்ற உண்மையை நினைத்துக்கொண்டான். சின்ன வயதில் நரி பிடித்தபோது செம்பி இவன் தலைப்பக்கம் பிடித்து இழுத்தாள். வால் நரிக்குப் போனது, மீதி அக்காவுக்கு வந்தது. அதை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மஞ்சமூக்கி மறுபடி வந்தாள். "சென்னியப்பனுக்கு ஒரே சலிப்பு அண்ணே. 'ஒத்தைப் பன்றிக்காக இந்நேரத்துக்கு லாரி வருமா? காலையில பார்த்துக்கலாம்' என்று படுக்கப் போய்விட்டார். பார், இப்போதும் பார்த்துக்கொள்வதாகத்தான் சொல்கிறார்."

அவள் கூட்டுக்குப் போனாள். இருட்டியது.

கொஞ்ச நேரத்தில் வலைக்கு அடியில் மண் நகரும் சத்தம் கேட்டது. ஒரு மூக்கு தெரிந்தது. செம்பி தோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஏழு சின்ன மூக்குகள். வலை மண்ணுக்குள் ஒரு சாண்தான் இறங்கியிருந்தது.

"அக்கா."

"பேசாதே. வயிற்றை எக்கு."

வயிற்றை எக்கி ஊர்ந்து வெளியே வந்தான். செம்பி திரும்பி ஓடையை நோக்கி நடந்தாள். கூடப் போகலாமா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பத்து அடி தள்ளி நொண்டிக்கொண்டே பின்னால் போனான்.

ஓடை வரைக்கும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் கால் எவ்வளவு மெதுவாக வருமோ, அவ்வளவு மெதுவாகவே நடந்தாள்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் எல்லாம் நம்மைப் பார்த்துக்கொள்கிறவர் ஆகிவிட மாட்டார்.