ஆடும் பாதத்துக்குத் தரை கழுவியவர்

கொருக்குப்பேட்டையில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. அதன் சத்துணவுக் கூடத்தில் அஞ்சலாட்சி அம்மையார் உதவியாளராக இருந்தார். அண்டா தேய்ப்பதும் எச்சில் எடுப்பதும் அவர் வேலை. வாய் மட்டும் ஓயாமல் தில்லைக் கூத்தன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும். சிதம்பரத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. அதில் அவருக்குக் குறையும் இல்லை.

அந்த ஆண்டு ஒரு நடனப் பள்ளி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித்தர முன்வந்தது. கூரை போட்ட பெரிய இடம் சத்துணவுக் கூடம் ஒன்றுதான். மதியம் சாம்பார் சிந்திய தரையில் மூன்று மணிக்குப் பிள்ளைகள் ஆட வேண்டும்; கேட்கவா வேண்டும்! யாரும் சொல்லாமலே அம்மையார் வெந்நீரும் சோப்புத்தூளுமாக உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார்.

காவலாளி டில்லிபாபு சிரித்தார். “இன்னா ஆயா, தரைக்கு அபிசேகமா?”

“ஆமா நைனா. ஆடுற காலெல்லாம் எங்கப்பன் காலுதான்.”

அப்படியும் ஒருநாள் ஒரு சிறுமி வழுக்கி விழுந்தாள். நடனப் பள்ளியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: வெள்ளிக்கிழமை வந்து பார்ப்போம், தரை சரியில்லையென்றால் வகுப்பை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவோம். பிள்ளைகள் முகம் வாடியது. “நான் இருக்கேன், போங்கடி” என்றார் அம்மையார்.

பாவம், வியாழனன்றே கொதிக்கும் கஞ்சி அவருடைய வலது காலில் கொட்டிவிட்டது. அரசு மருத்துவமனையில் முழங்கால்வரை கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். அவர் அழவில்லை. “அப்பனே, உன் ஆட்டம், உன் தரை. நீயே பாத்துக்கோ” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளி மாலை டில்லிபாபு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஆயா, உங்கையில இன்னொரு சாவி கீதா? சாப்பாடு முடிஞ்சதும் கழுவ ஆளில்லாம நான்தான் கூடத்தைப் பூட்டிட்டுப் போனேன். மூணு மணிக்குத் தொறந்தா தரை பளபளன்னு மின்னுது! வந்தவங்க கையால தடவிப் பாத்துட்டு, வகுப்பு இங்கயேதான்னுட்டாங்க. புள்ளைங்க ஒரே குதி! ஆனா இந்தக் காலோட எப்படி வந்த? நடுவுல ஈரத்தில ஒத்தக் கால் தடம்தான் இருந்திச்சு. நொண்டிக்கினே கழுவினியா?”

“எந்தக் காலு நைனா?”

“வலது காலு.”

சொன்னவரின் பார்வை அம்மையாரின் கட்டுப் போட்ட வலது காலில் போய் நின்றது. கையிலிருந்த தொப்பி நழுவியது.

அம்மையார் கலகலவென்று சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. “எங்கப்பன் ஊனி நிக்கிறது அந்தக் காலுதானே! எனக்காக வந்து தேச்சிருக்கான் பாரு!”

தேடிப் போகாதவரையும் தேடி வந்த கூத்தன் வாழ்க. அவனை வரவழைத்த அஞ்சலாட்சி அம்மையாரின் கைகளுக்கு நம் கும்பிடு.