வாசலில் நின்ற மிளகாய்

"இந்தச் சபையில் ஒருத்தர் மலைச்சனத்தின் வாயில் மண்ணள்ளிப் போட்டுவிட்டார். பேரைச் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்."

செங்கோடன் இப்படி ஆரம்பித்ததும் சபை முழுக்க மடப்பள்ளி அதிகாரி தில்லைநாயகத்தைத் திரும்பிப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? மலையிலிருந்து வந்த உருளைக்கிழங்கு மூட்டைகளைக் கோட்டை வாசலிலேயே நிறுத்தச் சொல்லி மகாராஜாவின் காதைக் கடித்தவர் அவர்தான். அரண்மனைக்குச் சேனைக்கிழங்கு கொடுப்பவர் அவருடைய மைத்துனர் என்பதும் ஊரறிந்த சங்கதி.

செங்கோடன் சந்தையில் அடிபட்டு மிதிபட்டு, பேரம் பேசியே அரசவை வரைக்கும் ஏறி வந்தவன். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

"மகாராஜா, மூட்டையெல்லாம் வெயிலில் கிடக்கிறது. இப்படியே விட்டால் கிழங்கு பச்சை பாய்ந்து கசந்துபோகும். அப்புறம் மாடுகூடத் தொடாது. மழை பொய்த்த வருஷம். அதை விற்றுத்தான் அந்தச் சனம் அரிசி வாங்கியாக வேண்டும்."

திருமேனி மகாராஜா நெளிந்தார். "ஓலையில் முத்திரை வைத்தாகிவிட்டதே, செங்கோடா."

"அது நம் பாட்டன் பூட்டன் தின்ற கிழங்கா?" என்றார் தில்லைநாயகம். "எங்கே விளைந்தால் என்ன, வித்து கப்பலேறி வந்ததுதானே? அப்படி வந்த எந்தப் பண்டமும் கோட்டைக்குள் நுழையக் கூடாது. அதுதான் ஆணை. சந்தேகமிருந்தால் நீரே வாசலில் நின்று காவல் பாரும்."

"எந்தப் பண்டமும்?"

"எந்தப் பண்டமும்."

எதிராளி தானாக வாயைக் கொடுக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. சந்தையில் படித்த பாடம். செங்கோடன் கோபத்தை மென்று விழுங்கினான். "சரிங்க. நானே நிற்கிறேன்."

மறுநாள் மகாராஜாவின் பிறந்தநாள் விருந்து. முதல் இலை மகாராஜாவுக்கு. குழம்பை ஒரு வாய் வைத்ததுமே முகம் சுருங்கியது.

"என்ன இது, வெந்நீரைப் பிசைந்த மாதிரி? மிளகாய் எங்கே?"

"வாசலில் நிற்கிறது, மகாராஜா" என்றான் செங்கோடன். "அதன் வித்தும் கப்பலேறி வந்ததுதான். நம் பாட்டன் பூட்டனுக்கு உறைப்பென்றால் மிளகு மட்டும்தான்."

பாயசம் வந்தது. மகாராஜா கரண்டியால் துழாவினார். "முந்திரி?"

"மிளகாய்க்குப் பின்னால் நிற்கிறது."

"கொய்யா, அன்னாசி ஒன்றையும் காணோமே?"

"வாசலில் ஒரே கூட்டம்."

மகாராஜா இலையை மூடினார். கை கழுவினார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். புகையிலை வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"அதுவுமா?"

"அதுதான் முதலில் பிடிபட்டது."

தில்லைநாயகம் பதறி எழுந்தார். "மகாராஜா, நான் கிழங்கை மட்டும்தான்..."

"எந்தப் பண்டமும் என்று நேற்று சொன்னீரே" என்றான் செங்கோடன்.

மகாராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். "மண்ணள்ளிப் போட்டவர் இவர்தான் என்று நேற்றே பேரைச் சொல்லியிருக்கலாமே, அப்பா. போகட்டும். உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்."

"பரிசு வேண்டாம். இவரை நான் சொல்லவேயில்லை. இவர் காதில் ஓதினார், அவ்வளவுதான். ஓலையில் முத்திரை வைத்த கை வேறு. அந்த ஒருத்தர் இதே பந்தியில், முதல் இலையில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட்டுக் கையும் கழுவியாயிற்று. கிழங்கு கசப்பதற்குள் அவரே எழுந்து வந்து வாசலைத் திறந்துவிடட்டும்."