அலகன் பூசிய சுவர்

சோலைக்காட்டின் நடுவே உயரமான ஓர் ஆயினி மரம் இருந்தது. அதன் பொந்தில் குடித்தனம் வைக்க ஓர் இருவாச்சி ஜோடி வந்தது. ஆண் பறவையின் பெயர் அலகன். பெண் பறவையின் பெயர் பூவாயி.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலைச் சேறு பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடுவார்கள். பாம்பும் வராது, மரநாயும் வராது. ஆண் பறவை பழம் தேடி வந்து அந்தச் சந்து வழியாக ஊட்டும். குஞ்சுக்கு இறகு முளைத்ததும், தாய் உள்ளிருந்தே சுவரைக் கொத்தி உடைத்துக் குஞ்சோடு வெளியே வரும்.

அலகனும் ஆற்றங்கரைச் சேற்றைக் கொண்டுவந்து பூசினான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சுவர் வழவழப்பாக அமைந்ததைப் பார்த்ததும் அவனுக்கு ஆசை பிறந்துவிட்டது. மஞ்சாடி விதைகளைப் பொறுக்கி வந்து வரிசை வரிசையாகப் பதித்தான். அவை உதிர்ந்துவிடாமல் இருக்க மேலே குங்கிலியப் பிசினைத் தடவினான். வெயில் பட்டதும் சுவர் செக்கச்செவேலென்று மின்னியது.

அப்போது அந்தப் பக்கம் வந்தாள் பேச்சி மைனா. காட்டோர விடுதியின் கூரையில் குடியிருப்பவள். அங்கே வந்து போகும் மனிதர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, காட்டில் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அவளுக்கு.

சுவரைப் பார்த்த பேச்சி சிறகை மடக்கவே மறந்துபோனாள்.

“அலகா, இது மாஸ்டர்பீஸ்!”

அப்படியென்றால் என்ன என்று அலகன் கேட்டான். ஒருவர் வாழ்நாளில் செய்த எல்லாவற்றிலும் உச்சமானது எதுவோ அதுதான் மாஸ்டர்பீஸ் என்று விளக்கினாள் பேச்சி. பக்கத்துக் கிளையில் இருந்த மலையணில், தன் கூட்டையும் அப்படிச் சொல்லலாமா என்று ஆவலாகக் கேட்டது. பேச்சி முகத்தைச் சுளித்தாள்.

“கண்டதுக்கெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் ஒண்ணுதான் அமையும். அதைவிட்டா வேற கிடையாது” என்றாள்.

அந்தக் கடைசிப் பேச்சு அலகனின் மனதில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

செய்தி காடெங்கும் பரவியது. மந்திகள் வந்தன, மரகதப் புறாக்கள் வந்தன, கேளையாடுகூட வந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கப் போனது. அலகன் ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் விளக்கம் சொன்னான். சொல்லி முடித்துப் பழம் தேடப் போவதற்குள் பொழுது பாதி போய்விடும். அத்திப்பழக் காலமும் முடிந்துகொண்டிருந்தது. ஒரு பழத்துக்காக மலை தாண்டிப் பறக்க வேண்டியிருந்தது. பூவாயிக்குக் கிடைத்தது அரை வயிறு. அதிலும் பாதியை, முட்டை பொரித்து வந்திருந்த குஞ்சுக்குக் கொடுத்தாள்.

ஒரு நாள் உள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அலகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பூவாயி, என்ன பண்றே?”

“பிள்ளைக்கு இறகு வந்துடுச்சுங்க. நானும் வெளிய வந்தா ரெண்டு பேருமா இரை தேடலாம். ஆனா இந்தச் சுவரு அசையவே மாட்டேங்குது.”

பிசின் காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. அலகனுக்கு அதைக் கேட்டு வருத்தம் வரவில்லை. சொல்ல வெட்கம்தான், உள்ளூர நிம்மதியே வந்தது. மேற்குக் காட்டிலிருந்து ஒரு கூட்டமே சுவரைப் பார்க்க வருகிறது, அதுவரை பொறுத்துக்கொள் என்று கெஞ்சினான். ஆயுசுக்கும் ஒன்றுதான் என்று பேச்சி சொன்னதையும் சொன்னான்.

பூவாயி கொத்துவதை நிறுத்தினாள்.

“அவ சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தமோ, எனக்குத் தெரியாதுங்க. பிள்ளை பசியில கத்துது. அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.”

அலகன் பழம் தேடப் பறந்துவிட்டான்.

அன்று மலைக்கு அப்பால் வெகுதூரம் அலைந்து ஒரே ஓர் அத்திப்பழத்தோடு திரும்பினான். வழக்கம்போல் சந்தில் அலகை நுழைத்தான். எப்போதும் அவசரமாக வந்து வாங்கிக்கொள்ளும் பூவாயியின் அலகு வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. குஞ்சின் குரலும் இல்லை. பழம் அலகிலிருந்து நழுவி, சுவரில் உரசிக்கொண்டு கீழே விழுந்தது.

 எதிரே அவன் பதித்த விதைகள் மின்னிக்கொண்டிருந்தன. முதல் முறையாக அவற்றைப் பார்க்க அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

ஓங்கி ஒரு கொத்து கொத்தினான். விதைகள் தெறித்தன. மறுபடியும் கொத்தினான்.

அந்த நேரம் பார்த்து, மேற்குக் காட்டுப் பறவைகளை அழைத்துக்கொண்டு பேச்சி வந்து சேர்ந்தாள். பதறிப்போய், நிறுத்து, நிறுத்து என்று கத்தினாள். அது போனால் உனக்கு வேறு கிடையாது என்றாள். அலகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலகின் நுனி பெயர்ந்து ரத்தம் கசிந்தது. அவன் நிறுத்தவில்லை. கடைசியில் சுவர் பாளம் பாளமாகப் பெயர்ந்து கீழே விழுந்தது.

பொந்தின் மூலையில் பூவாயி துவண்டு கிடந்தாள். குஞ்சு அவள் சிறகுக்கடியில் ஒடுங்கியிருந்தது. காற்றும் வெளிச்சமும் பட்டதும் பூவாயி மெல்லக் கண் திறந்தாள். அலகன் கீழே பாய்ந்து, விழுந்த பழத்தை எடுத்துவந்து ஊட்டினான். அவள் அதை வாங்கிக் குஞ்சின் வாயில் வைத்தாள். குஞ்சு விழுங்கியது. பிறகு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது. அதைக் கண்டு அலகன் அழுதேவிட்டான்.

வந்த பறவைகள் வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பழம் தேடிக் கொண்டுவந்து கொடுத்தன. பேச்சி மட்டும், இவ்வளவு அருமையான சுவர் இப்படிப் போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

வயிறு நிறைந்த பூவாயி கிளையில் வந்து உட்கார்ந்து சிறகை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் வெறும் சேறு போதுங்க” என்றாள்.

“போதும்” என்றான் அலகன்.

எவ்வளவு பெரிய சாதனையானாலும், யாருக்காக அதைச் செய்தோமோ அவர்களை மறந்துவிட்டால் அது அவர்களுக்கே சிறையாகிவிடும்.