மைனாவுக்கு மான் கற்பித்த சொற்கள்

வேங்கை மரங்கள் சூழ்ந்த ஒரு மலையடிவாரத்தில், புள்ளிமான்களும் காட்டுப்பன்றிகளும் ஒரே தாமரைக் குளத்து நீரைக் குடித்து வாழ்ந்து வந்தன. குளம் ஒன்றுதான், குடிக்கும் முறைதான் வேறு. மான்கள் கரையில் நின்று நுனி நாவால் நீரைத் தொட்டுக் குடிக்கும். பன்றிகளோ குளத்துக்குள் இறங்கி, புரண்டு, குளித்து, தாமரைக் கிழங்கைத் தோண்டித் தின்ற பிறகே குடிக்கும். அவை கரையேறும்போது குளம் முழுவதும் சேறாகியிருக்கும்.

ஆகவே, கோடையில் எந்தக் கூட்டம் முதலில் நீர் அருந்துவது என்பதை ஆண்டுதோறும் தைப்பூச நாளில் ஓர் ஓட்டம் முடிவு செய்தது. மலைமேல் வேங்கை நிழலில், என்றோ எவரோ முருகனுக்கு நட்டுவைத்த கல்வேல் ஒன்று இருந்தது. காட்டுயிர்களுக்கெல்லாம் அதுவே கோயில். கூட்டத்துக்கு ஒருவர், குளத்துத் தாமரை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு அந்த மலைக்கு ஓட வேண்டும். வாயிலிருந்து பூவை நழுவவிடாமல் வேலின் அடியில் முதலில் சேர்ப்பவருடைய கூட்டத்துக்கே முதல் நீர்.

ஓடுகிறவரின் வாய் பூவால் அடைபட்டிருக்கும் அல்லவா? ஆதலால் அவருடைய மனத்துக்குத் துணையாக ஒரு பறவை தலைக்கு மேலே பறந்து குரல் கொடுக்கும். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. ஓடுகிறவர் முன்னரே கற்பித்த சொற்களைத் தவிர, ஓட்டத்தின்போது வேறு ஒரு சொல்லையும் அப்பறவை சொல்லலாகாது.

சென்ற ஆண்டு மான்களுக்காக ஓடியவள் நவ்வி என்னும் இளமான். வழியில் குறுக்கிடும் கல்லோடையைத் தாண்டும்போது அவள் கால் இடறி நீரில் விழுந்தாள். விழுந்தவள் "ஐயோ!" என்று வாய் திறந்தாள். பூ வெள்ளத்தோடு போயிற்று. அந்தக் கோடை முழுவதும் மான்கள் சேற்று நீரையே குடித்தன. நவ்வியின் சின்னஞ்சிறு தம்பி துள்ளன் வயிற்று நோயால் பன்னிரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

இவ்வாண்டு தை பிறந்ததும் தாய்மான் நவ்வியை அழைத்தாள்.

"கண்ணே, பயிற்சியைத் தொடங்கு."

"நானா? வேண்டாம் அம்மா! வேறு எவரையாவது அனுப்புங்கள்!"

"பூவைத் தவறவிட்டவரே மறு ஆண்டும் சுமப்பது நம் கூட்டத்து வழக்கம் அல்லவா?"

"எனக்குத் தண்டனை கொடுக்கிறீர்கள்!"

"தண்டனை கொடுப்பதற்கு ஐயனுடைய பூவையா எடுப்போம்? இந்த ஆண்டு கூட்டத்தில் பதினொரு குட்டிகள் இருக்கின்றன. அவர்களுடைய தண்ணீரை உன்னை நம்பித்தான் கொடுக்கிறோம்."

அருகில் நின்ற துள்ளன் கேட்டான்: "அக்கா, இந்த வருஷமும் சேறுதானா?"

நவ்விக்குக் கண் கலங்கியது. நேரே ஓடைக்கரைக்குப் போனாள். அவளுடைய துணைப்பறவை பொன்மூக்கி என்னும் மைனா. எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் நாவன்மை உடையவள். அவளும் உடன் பறந்து வந்தாள்.

நவ்வி ஒரு காட்டுப்பூவைக் கவ்விக்கொண்டு ஓடினாள். ஓடை நெருங்கியது. மேலிருந்து மைனா கூவினாள்:

"விழாதே! விழுந்துவிடாதே! சென்ற ஆண்டை நினைத்துப் பார்! எல்லோரும் பார்க்கிறார்கள்! விழாதே!"

தொப்பென்று நீரில் விழுந்தாள் நவ்வி.

மறுபடியும் ஓடினாள். மறுபடியும் மைனா கூவினாள். மறுபடியும் தொப்! ஐந்தாம் முறை நனைந்து எழுந்தபோது நவ்விக்குக் கோபம் பொங்கியது.

"அடி பொன்மூக்கி! நீ எனக்குத் தோழியா, பகையா? தாண்டப் போகும் நேரத்தில் இப்படியா பயமுறுத்துவாய்?"

பொன்மூக்கி கிளையில் அமர்ந்து இறகைக் கோதினாள். "நன்றாயிருக்கிறதே உன் நியாயம்! இவை என் சொற்களா? நீ புல் மேயும்போதும், படுத்திருக்கும்போதும், வேலின் முன் நிற்கும்போதும் முணுமுணுப்பவை இவைதாமே? வேறு எந்தச் சொல்லை நீ எனக்குக் கற்பித்தாய்?"

"நானா? ஐயன் முன்னாலுமா?"

"'முருகா, நான் விழாமல் பார்த்துக்கொள், முருகா, நான் விழாமல் பார்த்துக்கொள்' என்று நேற்று நாற்பது தடவை சொன்னாய். ஐயனே காதைப் பொத்திக்கொண்டிருப்பார்!"

வெளியிலிருந்து கேட்கும்போதுதான் தன் சொல்லின் கசப்பு நவ்விக்குத் தெரிந்தது. பிறர் எவரேனும் துள்ளனிடம் இப்படிப் பேசியிருந்தால் அவள் முட்டித் தள்ளியிருப்பாள். தன்னிடம் மட்டும் ஓராண்டாகத் தானே இப்படிப் பேசி வந்திருக்கிறாள்!

"சரி, அவற்றை மறந்துவிடு. புதிய சொற்கள் தருகிறேன். வீரமான சொற்கள்!" என்றாள்.

மறுநாள் மைனா சற்றே கூச்சத்தோடு கூவினாள்:

"நவ்வியே நவ்வி! காற்றும் கைகட்டி நிற்கும் நவ்வி! இவள் புள்ளிகளைக் கண்டு விண்மீன்கள் நாணும்! வெற்றி இவளுடையதே!"

நவ்விக்கு அந்தப் புகழ்ச்சி தேனாய் இனித்தது. கழுத்தை நிமிர்த்தி, காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே ஓடினாள். கேட்ட சுவையில் ஓடை வந்ததைப் பார்க்கவில்லை. தொப்! ஓடைக்கல்லில் இருந்த தவளை ஒன்று சிரித்துச் சிரித்துத் தானும் நீரில் விழுந்தது.

"அழகான சொற்கள்தாம்," என்றாள் பொன்மூக்கி. "ஆனால் கரை எங்கே இருக்கிறது என்று அவற்றில் ஒரு சொல்லும் இல்லையே, நவ்வி!"

நவ்வி சோர்ந்துபோய்ப் புல்லில் அமர்ந்தாள். அப்போது ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு துள்ளன் அங்கே வந்தான். ஓடையிலிருந்து பிரியும் சிறிய வாய்க்கால் ஒன்று அவன் வழியில் குறுக்கிட்டது. அவன் உயரத்துக்கு அது பெரிய வாய்க்கால்தான். அவனோ ஒரே தாவலில் தாண்டிவிட்டு, "அக்கா, பார்த்தாயா!" என்று குதித்தான்.

"பார்த்தேன், தம்பி! எப்படித் தாண்டினாய்?"

"எப்படியா? அந்தப் பச்சைக் கல்லைப் பார்த்தேன். தாவினேன். அவ்வளவுதான்!"

"விழுந்துவிடுவோம் என்று நினைக்கவில்லையா?"

"அதை நினைக்க நேரம் ஏது, அக்கா? நான் கல்லையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!"

சொல்லிவிட்டு மீண்டும் தும்பியின் பின்னே ஓடிவிட்டான். நவ்வியும் மைனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நவ்வி எழுந்தாள். கல்லோடையின் மறுகரையை முதன்முறையாக நன்றாக உற்றுப் பார்த்தாள். அங்கே ஆமை முதுகு போன்ற வெள்ளைப் பாறை ஒன்று இருந்தது. ஓராண்டாக இக்கரையில் நின்று நீரையே பார்த்து நடுங்கியவளுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

"பொன்மூக்கி, இதைக் கற்றுக்கொள். 'வெள்ளைப் பாறை! மூன்றடி! தாவு!' வேறொன்றும் வேண்டாம்."

அன்று பத்து முறை ஓடினாள். நான்கு முறை தாண்டினாள். மறுநாள் ஆறு. அதற்கடுத்த நாள் ஏழு. அதற்கு மேல் ஏறவில்லை. பத்துக்கு மூன்று முறை விழத்தான் செய்தாள்.

மைனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நவ்வி, ஓட்டத்தன்று விழுந்தால் நான் என்ன சொல்வது?"

"வாயைக் கழுவு! அபசகுனம் பேசுகிறாயே!"

"சகுனம் கிடக்கட்டும். விழும்போது எனக்குச் சொல் இல்லையென்றால், உன் பழைய சொல் உனக்குள்ளிருந்து கேட்குமே!"

நவ்வி சென்ற ஆண்டு நடந்ததை எண்ணினாள். விழுந்ததால் மட்டும் பூ போகவில்லை. விழுந்த பிறகு வாய் திறந்ததால் போயிற்று.

"'பூ இருக்கிறது! கரை ஏறு!' என்று சொல்," என்றாள்.

அன்று முதல் நவ்வி வேண்டுமென்றே ஓடையில் விழுந்து பழகினாள். வாய் மூடி விழுவாள். வாய் மூடி எழுவாள். இதைக் கண்ட மான் கூட்டம், "பிள்ளைக்குப் பனி தலைக்கேறிவிட்டது!" என்று கவலைப்பட்டது. அவளோ வேலின் முன் நின்று, "ஐயனே, உன் பூவைக் கொண்டுவருகிறேன், வழியில் என்னோடு இரு," என்று ஒரே ஒரு முறை வேண்டிக்கொண்டாள்.

தைப்பூசம் வந்தது. பன்றிகளின் சார்பில் சேற்றழகன் என்னும் இளம்பன்றி வந்து நின்றான். கொழுத்த உடல், குறும்புக் கண். அவனுக்குத் துணையாக ஒரு கரிச்சான் குருவி.

"ஏ புள்ளிக்காரி! இந்த ஆண்டு குளிக்கப் போகிறாயா, ஓடப் போகிறாயா?" என்றான்.

"உன்னைப் போல் குளித்துவிட்டு இன்னும் அழுக்காகும் வித்தை எனக்குத் தெரியாது, தம்பி!" என்றாள் நவ்வி.

குளக்கரையில் ஒற்றைக்காலில் நின்ற நாரை சிறகை விரித்தது. இருவரும் பூவைக் கவ்விக்கொண்டு பாய்ந்தனர்.

முள்புதர் வந்தது. தடித்த தோலுடைய சேற்றழகன் அதை நேரே துளைத்துக்கொண்டு போனான். நவ்வி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அவள் ஓடைக்கரையை அடைந்தபோது, அவன் தலையை உயர்த்திப் பிடித்தபடி மறுகரையை நெருங்கி நீந்திக்கொண்டிருந்தான். அவனுக்கு மேலே கரிச்சான் கத்தியது:

"புள்ளிக்காரி விழுவாள்! புள்ளிக்காரி விழுவாள்!"

சேற்றழகன் அதற்குக் கற்பித்திருந்ததெல்லாம் அவ்வளவே!

நவ்விக்குள் பழைய 'விழாதே!' எழுந்தது. அதே கணத்தில் அவள் தோழியின் குரல் கேட்டது.

"வெள்ளைப் பாறை! மூன்றடி! தாவு!"

நவ்வி பாறையைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தாவினாள். முன்கால்கள் பாறையைத் தொட்டன. ஆனால் சேற்றழகன் நீந்திய வேகத்தில் தெறித்த நீர் பாறையை நனைத்திருந்தது. குளம்பு வழுக்கியது. கரையில் கூடியிருந்த மான்கள் மூச்சை அடக்கின. நவ்வி சறுக்கி நீருக்குள் விழுந்தாள்.

"பூ இருக்கிறது! கரை ஏறு!" என்று கூவினாள் பொன்மூக்கி. "பூ இருக்கிறது! கரை ஏறு!"

நவ்வியின் பற்கள் தண்டை இறுகப் பற்றின. மூக்கில் நீர் ஏறியது. அவள் வாய் திறக்கவில்லை. முன்கால்களைப் பாறையில் ஊன்றினாள்; ஒருமுறை வழுக்கினாள்; மறுமுறை ஊன்றினாள்; ஏறிவிட்டாள்! நனைந்த உடலோடு, நனையாத துணிவோடு மலையை நோக்கி ஓடினாள். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பார்த்திருந்தால் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பாள். அவள் விழுந்த ஓசை கேட்டதும் கரையேறிக்கொண்டிருந்த சேற்றழகன் ஆவலோடு திரும்பினான். நீரில் தத்தளிக்கும் நவ்வியைக் கண்டு, "ஹா ஹா!" என்று வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த வாயிலிருந்து பூ நழுவியது. ஓடை அதை வாங்கிக்கொண்டு போயிற்று. நவ்வி எழுந்து ஓடிய பிறகும் கரிச்சான் மட்டும், "புள்ளிக்காரி விழுவாள்! விழுவாள்!" என்று கத்திக்கொண்டே இருந்தது. பாவம், அதற்கு வேறு சொல் தெரியாது!

வேலின் அடியில் தாமரை வைக்கப்பட்டது. இதழ்களில் ஓடைநீர் சொட்டியது. மலைமேல் காத்திருந்த முதிய மந்தி அதைக் கண்டு, "இவ்வாண்டு ஐயனுக்குப் பூவோடு அபிடேகமும் ஆயிற்று!" என்று கைகூப்பியது. துள்ளன் மூச்சிரைக்க ஓடிவந்து அக்காவின் ஈரக் கழுத்தில் முகம் புதைத்தான். "அக்கா, நீ விழுந்தாயே!" என்றான். "ஆமாம்டா, விழுந்தேன்," என்று அவன் காதை நக்கினாள் நவ்வி.

சேற்றழகன் தொலைவில் தலை கவிழ்ந்து நின்றான். கூட்டத்துக்கு எப்படி முகம் காட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நடந்ததைத் துள்ளன் சொல்லக் கேட்டு, நவ்வி அவனிடம் சென்றாள். அந்தத் தவிப்பை அவளைவிட அறிந்தவர் யார்?

"சிரிக்க வந்தாயா?" என்றான் அவன்.

"சிரித்தால் என்ன ஆகும் என்று இப்போதுதானே தெரிந்தது!" என்றாள் நவ்வி. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தொடர்ந்தாள்: "அடுத்த ஆண்டும் நீயே சுமக்க வேண்டும் என்று உன் கூட்டத்தாரிடம் கேள், தம்பி. ஆனால் அந்தக் கரிச்சானுக்கு என்னைப் பற்றிக் கற்பிக்காதே. உன் காலைப் பற்றி, உன் கரையைப் பற்றி ஏதாவது கற்பித்து வை."

அந்தக் கோடையில் பதினொரு குட்டிகளும் தெளிந்த நீரைக் குடித்தன. அவை குடித்து முடிக்கும்வரை பன்றிகள் கரையில் பொறுமையாகக் காத்திருந்தன. சேற்றழகன் மட்டும் ஒதுங்கி நின்று, கரிச்சானுக்குப் புதிய சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

நாம் நம் உள்ளத்தோடு பேசும் சொல் அச்சத்தைக் காட்டாமல் அடுத்த அடியைக் காட்டுமானால், விழுந்த இடத்திலிருந்தும் நாம் எழுந்து முன்செல்லலாம்.