நாற்பத்தோரு கம்பெனி

இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் சபையில் இருக்கும் தையல்கார கிரேஸ் ஞானம்மாள். இந்த லெந்து உபவாச நாட்களில், நான்காம் வெள்ளி ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். நடந்தது அவள் அக்காள் மகள் ஜெனில்டாவுக்கு.

ஜெனில்டா பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். அந்தப் படிப்பில் மூன்றாம் வருஷம் முழுக்க ஏதாவதொரு கம்பெனியில் வேலை பார்க்க வேண்டும். திரும்பி வந்து மிச்சத்தைப் படிக்கலாம். கம்பெனியை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தேடாதவர்களுக்கு அந்த வருஷம் கிடையாது. வகுப்பிலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

அன்று புதன்கிழமை.

பயிற்சி வருஷத்துக்குப் பொறுப்பு உமையாள் மேடம். இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். மேசை நிறையப் படிவங்கள். நல்ல ஜலதோஷம் வேறு.

ஜெனில்டா கதவைத் தட்டக்கூட இல்லை.

"மேடம், நாற்பத்தோரு கம்பெனிக்கு அனுப்பிட்டேன். ஒருத்தர்கூட கூப்பிடல."

"உட்காரு."

"உட்கார்றதுக்கு வரல மேடம். என்கிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க. மார்க் இருக்கு. அரியர் கிடையாது. என்னைவிட மார்க் கம்மியானவளுக எல்லாம் பெட்டி கட்டிட்டாளுக."

"டீ குடிக்கிறியா?"

"வேண்டாம். உபவாசம்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா மதியம் சாப்பிடல. அம்மாவும் சாப்பிடல. சர்ச் ஐயரும் ஞாயித்துக்கிழமை பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிட்டார். ஆண்டவர் வாயைத் திறக்கல. கம்பெனிக்காரனும் திறக்கல. உங்ககிட்ட வந்தா நீங்க டீ குடிக்கிறியாங்கிறீங்க."

மேடம் தும்மினாள்.

"பயோடேட்டாவைக் குடு."

ஜெனில்டா கொடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு, மூலை மடங்காமல் வைத்திருந்தாள்.

மேடம் மெதுவாகப் படித்தாள். இந்த வேகத்தில் படித்தால் வெள்ளிக்கிழமையே வந்துவிடும் என்று ஜெனில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெலுங்கு பேசுவியா?"

"மாட்டேன்."

"பேச, எழுத, படிக்கத் தெரியும்னு போட்டிருக்கே."

"அது ஷர்மிளா அக்காவோடதுல இருந்துச்சு மேடம்."

அந்தத் துறையில் யாரும் பயோடேட்டாவைப் புதிதாக எழுதுவதில்லை. இடம் கிடைத்துப் போன அக்காவிடம் வாங்கி, பேரையும் மார்க்கையும் வீட்டு விலாசத்தையும் மாற்றிக்கொள்வார்கள். மற்றதில் கை வைத்தால் ராசி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

"ஷர்மிளாவுக்குத் தெலுங்கு தெரியுமா?"

"தெரியாது. அது அவளுக்கு முந்தின கோமதி அக்காவோடது. அந்த அக்காவுக்கு எடுத்த எடுப்பிலேயே கிடைச்சுது. ஷர்மிளா அக்கா கம்பெனிக்கு நேர்லயே போய்க் குடுத்து வாங்கிட்டா."

"பொழுதுபோக்கு, தோட்டம் போடுவது."

"நாங்க மாடி வீடு மேடம்."

"தொட்டியிலயாவது?"

"கறிவேப்பிலைகூட கடையிலதான் வாங்குறோம்."

"கோலப்போட்டியில் மாவட்ட அளவில் முதல் பரிசு."

ஜெனில்டா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"கோலம் போடுவியா?"

"எங்க வீட்ல ஸ்டார்தான் மேடம் கட்டுவோம். அதுவும் டிசம்பர்ல."

மேடத்துக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது. ஜெனில்டாவுக்கு வரவில்லை.

"இதையெல்லாம் எவன் மேடம் பாக்கப் போறான்? நாற்பத்திரண்டாவதா எங்க அனுப்பட்டும், அதைச் சொல்லுங்க. நாளைக்கழிச்சு வெள்ளி."

மேடம் தாளைத் திருப்பினாள்.

"நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்த ஒரு வருஷத்துக்காக. நர்சிங்ல இடம் கிடைச்சதை வேண்டாம்னுட்டு, அப்பாகூட ஒரு மாசம் பேசாம இருந்து வந்தேன். இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போக? என்னை யாருக்கும் வேண்டாம்னாவது சொல்லிருங்க. கேட்டுட்டுப் போயிடுறேன்."

கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மேடம் படித்துக்கொண்டே இருந்தாள்.

"மேற்கண்டவை யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன். இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்!"

"அப்பாடா."

மேடத்தின் விரல் கையெழுத்துக்கும் கீழே போய் நின்றது. கடைசி வரி. பொடி எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்து, தன் செல்போனில் ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"யாருக்கு மேடம்?"

"உனக்குத்தான்."

ஜெனில்டா பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். அது சும்மா கிடந்தது.

மேசைமேல் மட்டும் மணி போய்க்கொண்டே இருந்தது.

"ஹலோ?" ஒரு பெண் குரல். பின்னால் மெஷின் இரைச்சல்.

"ஜெனில்டாங்களா?" என்றாள் மேடம்.

"அய்யோ, நீங்களுமா? என் பேரு கோமதிங்க. ஒரு மாசமா ராங் நம்பர், ராங் நம்பர்னு சொல்லி வாய் வலிக்குது. நேத்து சாயங்காலம்கூட ஓசூர்ல ஒரு பிஸ்கட் கம்பெனிக்காரர். வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன்லயே பேசி முடிச்சுடலாம், அந்தப் பொண்ணைக் கொஞ்சம் தயவு பண்ணி வரச் சொல்லுங்கங்கிறார். எங்கேன்னு போய்ச் சொல்ல நான்?"

"அவர் நம்பர் இருக்கா?"

"எல்லார் நம்பரும் இருக்கு. பதினோரு பேரு. அழிக்காமத்தான் வச்சிருக்கேன்."

ஜெனில்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க," என்றது போன், "கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். எனக்கெல்லாம் ஒரே ஒரு கம்பெனிதான் கூப்பிட்டுச்சு. யாருங்க அந்தப் பொண்ணு? அவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கிராக்கி?"

ஜூன் முதல் தேதி பிள்ளை ஓசூரில் இருக்க வேண்டும். அங்கே பெண்பிள்ளைகள் தங்க நல்ல விடுதி, சாப்பாட்டில் காரம் குறைவாகப் போடுகிற இடம், யாருக்காவது தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.