எழுப்பத் தெரிந்தவன்

"ஆசானே, உயிரைக் காப்பாத்த ஒருத்தனை அடிச்சா அது பாவமா?"

பொன்னையன் களரி வாசலில் நின்றபடியே கேட்டான். உச்சி வெயில். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

தாணு ஆசான் கஷாயத்துக்கு வேர் நறுக்கிக்கொண்டிருந்தார். பொன்னையனைவிடப் பத்து வயது இளையவர். அப்பா விட்டுப்போன வர்மக் களரியை அவர்தான் நடத்துகிறார்.

"பாவமில்ல அண்ணாச்சி. யாரை அடிச்சிய?"

"பக்கத்துத் தோப்பு தவசிமுத்தை. எல்லைத் தகராறுதான். வெட்டுக்கத்தியோட வந்து ஓங்கினான். நான் வர்மத்துல தட்டிட்டேன். விழுந்துட்டான்."

"எப்போ?"

"இப்பத்தான்."

ஆசான் நறுக்குவதை நிறுத்தினார்.

அந்தக் களரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைச் சாய்க்கிற இடத்தைக் காட்டும் முன்பே, சாய்ந்தவனை எழுப்புகிற இளக்குமுறையைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அது கைக்கு வர மூன்று வருஷம் ஆகும். பாதியில் சலித்து ஓடினவர்கள் அநேகம். பொன்னையன் ஓடவில்லை. அதில் கெட்டிக்காரன் என்று பேர் வேறு வாங்கியிருந்தான்.

"இளக்கினியளா?"

"இல்ல."

"ஏன்?"

"எழும்பினா மறுபடியும் வெட்ட வருவான்லா!"

"வெட்டுக்கத்தி எங்க?"

பொன்னையன் இடுப்புத் துண்டுக்குள்ளிருந்து அதை எடுத்துக் காட்டினான்.

"அப்போ அவன் கையில என்ன இருக்கு?"

"அவனை நம்பப்பிடாது ஆசானே. கண்ணை மூடிக் கிடக்கான். நடிப்பாக்கூட இருக்கும்."

"கையக் காலைக் கெட்டிப் போட்டுட்டு எழுப்பியிருக்கலாம்லா. கயிறு இல்லியா?"

பொன்னையன் வெட்டுக்கத்தியை மறுபடியும் துண்டுக்குள் செருகினான். தென்னந்தோப்பில் கயிறுக்கா பஞ்சம்?

ஆசானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தவசிமுத்து மேல் அல்ல.

"அவன் விழும்போது கோயில்ல மணி அடிச்சாச்சா?"

"அப்பத்தான் அடிச்சுது."

"அது அடிச்சு அரை நாழிகை ஆகுது. இந்த அடி பட்டவன் இளக்காம எவ்வளவு நேரம் உயிரோட கிடப்பான்?"

"ஒரு நாழிகை."

பாடம் ஒப்பிப்பதுபோல உடனே சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க ஆசானே. நான் அடிச்சது சரியா, தப்பா?"

"அடிச்சது சரி."

பொன்னையன் பெருமூச்சு விட்டான். உட்காரப் போனான்.

ஆசான் அதற்குள் எழுந்து வாசலைத் தாண்டியிருந்தார். வேறு வழியில்லாமல் பொன்னையனும் பின்னால் ஓடினான். குளத்தங்கரை வந்ததும் ஆசான் வயலுக்குள் இறங்கினார். பொன்னையன் ரோட்டுப் பக்கம் திரும்பினான்.

"எங்க போறிய?"

"இந்த வழியாத்தான் வந்தேன்."

"வரப்பு வழியா வந்தா பாதி தூரம்தானே?"

பொன்னையன் நின்றுவிட்டான். இருபது வருஷமாக அவன் களரிக்கு வந்துபோன வரப்பு அது.

ஆசான் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, என்ட்ட கேக்கத்தான் வந்தியளா, இல்ல நேரம் போகட்டும்னா?"

  பொன்னையனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

வரப்பில் இறங்கினான். ஆசானை இடித்துத் தள்ளிவிட்டு, அவருக்கு முன்னால் ஓடினான்.