பெருச்சாளிக் கிடங்கும் மந்தாரை இலையும்

ஒரு மலைக்காட்டில் கொற்றி என்ற முள்ளம்பன்றி இருந்தாள். அவள் தோண்டி எடுக்கும் கசப்பு வேருக்கு அந்தக் காட்டில் பெரிய பெயர். ஒரு துண்டை மென்று விழுங்கினால் போதும், எப்பேர்ப்பட்ட காய்ச்சலும் இறங்கிவிடும்.

கொற்றி குடியிருந்ததோ ஆழமான பள்ளத்தாக்கில். கேட்டவர்களுக்கெல்லாம் வேரைத் தூக்கிக்கொண்டு நடக்க அவளால் முடியவில்லை. அதனால் காட்டுச் சந்தையில் இடம் பிடித்தாள்.

மலை நடுவே இருந்த தட்டைப் பாறைதான் சந்தை. அதை நடத்தியவள் மருதாயி என்ற இருவாச்சிப் பறவை. விற்பவர்கள் பாறைமேல் ஆளுக்கொரு இடத்தில் சரக்கின் மாதிரியை வைத்திருப்பார்கள். வேண்டியவர்கள் தங்கள் ஊரிலிருந்தே மைனாவிடம் ஆர்டர் சொல்லி அனுப்புவார்கள்.

சரக்கு முழுவதும் பாறைக்கு அடியில், பூதப்பன் என்ற பெருச்சாளியின் கிடங்கில் இருந்தது. கரடியின் தேனடை, மலையணிலின் கொட்டை, கொற்றியின் வேர் எல்லாம் அவன் வளைக்குள்தான். ஆர்டர் வந்ததும் பூதப்பன் பொட்டலம் கட்டுவான். செங்காலி என்ற முயல் அதை முதுகில் போட்டுக்கொண்டு ஓடுவாள்.

சந்தைக்கு ஒரு சட்டம் இருந்தது. காலையில் வந்த ஆர்டர் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கிடங்கை விட்டுக் கிளம்ப வேண்டும். மறுநாள் உச்சி வெயிலுக்குள் கேட்டவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒருநாள் மருதாயி கொற்றிக்கு ஆள் அனுப்பினாள். கொற்றி வந்து நின்றாள்.

"கொற்றி, போன வாரம் உன் பெயரில் பத்து ஆர்டர். அதில் நாலு தாமதம். ஒரு காட்டுப்பன்றிக்கு வேர் கிடைக்க மூணு நாள் ஆகியிருக்கு. இன்னும் இரண்டு வாரம் பார்ப்பேன். சரியாகவில்லை என்றால் உன் இடம் வேறு ஆளுக்குப் போகும்."

கொற்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தாமதமா? அன்றன்றைக்கே அனுப்பிவிட்டதாக அல்லவா பூதப்பண்ணன் சொல்கிறார்?"

நேராகக் கிடங்குக்குப் போனாள். பூதப்பன் வாசலில் நின்று வரவேற்றான். ஆள் நல்லவன். யார் வந்தாலும் சிரித்த முகம்தான்.

"வா தங்கச்சி! என்ன விஷயம்?"

கொற்றி சொன்னாள். பூதப்பன் அவளை மண்சுவர் பக்கம் கூட்டிப்போனான். சுவர் முழுக்க நகக்கீறல். ஆர்டர் வந்தால் நெடுக்காக ஒரு கோடு. அனுப்பியதும் அதன் குறுக்கே இன்னொரு கோடு.

"நீயே பார். உன் பத்துக் கோட்டிலும் குறுக்குக்கோடு விழுந்திருக்கா? எல்லாம் போயாச்சு. வழியில் தாமதமானால் நான் என்ன செய்ய முடியும்?"

கொற்றி செங்காலியைத் தேடிப் போனாள். முயலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னையா சந்தேகப்படுகிறீர்கள், அக்கா? பொட்டலம் முதுகில் ஏறின பிறகு நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடுவேன்."

கொற்றி யோசித்தாள். கிடங்கில் கேட்டால் அனுப்பியாச்சு என்கிறார்கள். தூக்கிப் போகிறவளோ உடனே ஓடினேன் என்கிறாள். ஆனால் வாங்குகிறவர்கள் மூன்று நாள் காத்திருக்கிறார்கள். அப்படியானால் நடுவில் அந்த நாட்கள் எங்கே போயின? யார் சொல்வதை நம்புவது? யாரையும் குறை சொல்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பாறைக்குப் பக்கத்தில் ஒரு மந்தாரை மரம் நின்றது. அதிலிருந்து உதிர்ந்த இலைகள் கீழே கிடந்தன. சில இலைகள் பச்சை. சில துவண்டிருந்தன. சில சருகாகி, மிதித்தால் நொறுங்கின.

கொற்றியின் முட்கள் சிலிர்த்து எழுந்தன. மருதாயியிடம் ஓடினாள்.

"அக்கா, எனக்கு ஓர் உதவி. என் பெயரில் ஆர்டர் வரும்போதெல்லாம் உங்கள் அலகால் ஒரு மந்தாரை இலையைப் பறித்துக் கிடங்குக்கு அனுப்புங்கள். பொட்டலத்தோடு அதையும் கட்டட்டும். பொட்டலம் கைக்கு வந்ததும் செங்காலி தன் பங்குக்கு ஓர் இலையைப் பறித்து, அடையாளமாக நுனியைக் கிழித்துக் கட்டட்டும். இரண்டு இலையும் திரும்பி என்னிடம் வரட்டும்."

"இலையை வைத்து என்ன செய்வாய்?"

"இரண்டும் ஒரே மாதிரி சருகாகியிருந்தால் தாமதம் வழியில். உங்கள் இலை மட்டும் காய்ந்திருந்தால் தாமதம் கிடங்கில்."

மருதாயி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது.

நாலாம் நாள் முதல் ஜோடி இலை திரும்பி வந்தது. கொற்றி அவசர அவசரமாகப் பிரித்தாள். முயல் கட்டிய இலை லேசாகத் துவண்டிருந்தது. மருதாயியின் இலை தொட்டதும் நொறுங்கியது.

கொற்றி அதைப் பூதப்பனிடம் கொண்டுபோனாள். பூதப்பன் இலையைப் பார்த்தான். சிரிப்பு சற்றுக் குறைந்தது.

"என் வளைக்குள் ஒரே புழுக்கம், தங்கச்சி. அங்கே இலை சீக்கிரம் காய்ந்துவிடும். அவ்வளவுதான்."

இருக்கலாம் என்று கொற்றி நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் வந்த இலைகள் எல்லாமே அதிகம் வாடாமல் இருந்தன. முயல் இலையும் மருதாயி இலையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன. கொற்றிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு ஜோடி இலைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு காலையிலேயே சந்தைக்கு வந்தாள்.

"அக்கா, பாருங்கள். ஒன்றுகூடத் தாமதமில்லை."

மருதாயியின் முகம் மாறவில்லை. "அப்படியா? எனக்கு இந்த வாரமும் மூன்று புகார் வந்திருக்கிறதே."

அவள் நுனி கிழியாத இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைப் பார்த்தாள். மூன்றாவது இலையில் அவள் கண் நின்றது.

"கொற்றி, நான் இலையைக் கிள்ளினால் காம்பு வழவழவென்று அறுந்திருக்கும். இதைப் பார். கொறித்து எடுத்த மாதிரி பல் தடம். இது என் அலகு இல்லை."

கொற்றி மீதி இலைகளையும் பார்த்தாள். ஆறில் நாலு இலையில் அதே பல் தடம். பழைய இலையைத் தூக்கிப் போட்டுவிட்டு யாரோ புது இலையைக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பல் யாருடையது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மைனா மூச்சு வாங்க வந்து பாறையில் இறங்கியது.

"கொற்றியக்கா இங்கேயா இருக்கிறீர்கள்? மேற்குச் சரிவிலிருந்து மிளாமான் நீலவேணி அவசர ஆர்டர் சொல்லியிருந்தாள். அவசரம் என்பதால் விடிந்ததும் நேரே கிடங்கிலேயே சொல்லிவிட்டேன். அவள் கன்றுக்குக் காய்ச்சல். நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. பொட்டலம் எங்கே வருகிறது என்று பார்த்துவரச் சொன்னாள்."

மருதாயி மேற்கே பார்த்தாள். மலை உச்சியில் கருமேகம் திரண்டு நின்றது. "அங்கே மழை தொடங்கிவிட்டது. மாலைக்குள் காட்டாற்றில் வெள்ளம் வரும். வெள்ளம் வந்தால் இரண்டு நாளைக்கு யாரும் அக்கரைக்குப் போக முடியாது."

கொற்றி பாறையிலிருந்து உருளாத குறையாக இறங்கி ஓடினாள். மருதாயி அவள் தலைக்கு மேலே பறந்தாள்.

கிடங்கு வாசலில் பூதப்பன் நின்றான்.

"அண்ணே, நீலவேணி பொட்டலம்?"

"அதுவா? போயாச்சு, தங்கச்சி. சுவரில் குறுக்குக்கோடுகூடப் போட்டுவிட்டேன்."

பத்தடி தள்ளி ஒரு புதர் நிழலில் செங்காலி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகில் எதுவும் இல்லை.

"எந்தப் பொட்டலம்?" என்றாள் முயல். "விடிந்ததிலிருந்து இங்கேதான் காத்திருக்கிறேன். எனக்கு எதுவும் தரவில்லையே."

பூதப்பன் தரையைப் பார்த்தான். கொற்றி அவன் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, அங்கே ஒரு கன்று சாகக் கிடக்கிறது. உள்ளதைச் சொல்லுங்கள்."

பூதப்பன் வாசலை விட்டு விலகி உள்ளே கையைக் காட்டினான். "ஆர்டர் காதில் விழுந்ததுமே குறுக்குக்கோடு போட்டுவிடுவேன், தங்கச்சி. எப்படியும் அனுப்பத்தானே போகிறோம் என்று நினைப்பேன். யார் சரக்கு கொண்டுவந்தாலும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிடங்கு கழுத்துவரை நிறைந்துவிட்டது. உன் வேர் கடைசி அறையில் இருக்கு. அதற்குப் போகும் வழியை நாற்பது தேனடை அடைத்துக்கொண்டிருக்கு. எல்லாவற்றையும் வெளியே எடுத்தால்தான் உள்ளே போக முடியும். அதற்குச் சாயங்காலம் ஆகிவிடும்."

"இலையை மாற்றியதும் நீங்கள்தானா?"

"நான்தான்."

கொற்றிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் மேற்கே இடி உருண்டது. திட்டித் தீர்க்க இப்போது நேரமில்லை.

"கடைசி அறை எந்தப் பக்கம்?"

பூதப்பன் ஒரு மேட்டைக் காட்டினான். கொற்றி அதன்மேல் ஏறி மூக்கை மண்ணில் வைத்து முகர்ந்தாள். ஓரிடத்தில் கசப்பு வாசம் லேசாக வந்தது.

"வாசல் வழியாகப் போக வேண்டாம். மேலேயிருந்து இறங்குவோம்."

அவள் தோண்டத் தொடங்கினாள். மண் நாலா பக்கமும் பறந்தது. பூதப்பன் ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு அவனும் பாய்ந்து வந்து பக்கத்தில் தோண்டினான். வேர் தோண்டிப் பழகிய கால்களும் வளை தோண்டிப் பழகிய கால்களும் சேர்ந்துகொண்டன. ஒரு கல் குறுக்கே வந்தது. பூதப்பன் அதற்கு அடியில் நுழைந்து முதுகால் நெம்பினான். கல் புரண்டது. கீழே இருட்டு அறை தெரிந்தது. கசப்பு வாசம் குப்பென்று மேலே வந்தது.

"கிடைச்சாச்சு!" என்று கத்தினான் பூதப்பன்.

அவனே வேரை இலையில் சுற்றினான். அவனே கொடியால் இறுக்கிக் கட்டினான். செங்காலி முதுகைக் காட்டினாள். அடுத்த நொடி அவள் புல்லுக்குள் ஒரு வெள்ளைக் கோடாக ஓடி மறைந்தாள்.

மருதாயி மேலே எழும்பினாள். அங்கிருந்து பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"மூங்கில் காட்டைத் தாண்டிவிட்டாள். சரிவில் இறங்குகிறாள். ஆற்றங்கரைக்கு வந்துவிட்டாள்."

"தண்ணீர்?" என்று கொற்றி கேட்டாள்.

"ஏறிக்கொண்டிருக்கிறது. தாவிப் போகும் பாறைகளில் மூன்றுதான் வெளியே தெரிகிறது. முதல் பாறையில் நிற்கிறாள். இரண்டாவதுக்குத் தாவிவிட்டாள். ஐயோ, மூன்றாவது பாறை முழுகிவிட்டது!"

பூதப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

மருதாயி இன்னும் உயரே பறந்தாள். பிறகு அவள் குரல் காடே அதிரும்படி வந்தது.

"முழுகிய பாறையிலேயே கால் வைத்துத் தாவிவிட்டாள். அக்கரையில் நிற்கிறாள். பொட்டலம் முதுகில் இருக்கிறது!"

கொற்றி தோண்டிப் போட்ட மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை மைனா செய்தி கொண்டுவந்தது. கன்று வேரை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் உடம்பு வியர்த்ததாம். விடிந்ததும் தானே எழுந்து தாயிடம் பால் குடித்ததாம். வெள்ளம் வடியும்வரை செங்காலியை நீலவேணி தன் வீட்டிலேயே வைத்து விருந்து கொடுக்கிறாளாம்.

அன்று மருதாயி பாறையில் எல்லோரையும் கூட்டினாள். பூதப்பன் தானாகவே முன்னால் வந்தான். சுவரில் போட்ட பொய்க்கோட்டையும் மாற்றிக் கட்டிய இலையையும் ஒளிக்காமல் சொன்னான். கரடி உறுமியது. மலையணில் வாலை உதறியது.

"அப்படியானால் தாமதத்தில் என் பங்கு எதுவும் இல்லைதானே, அக்கா?" என்று கொற்றி கேட்டாள்.

"இருக்கிறது," என்றாள் மருதாயி. "நீலவேணி யார் பெயரைச் சொல்லி வேர் கேட்டாள்?"

கொற்றி தன் மாதிரி வேரைப் பார்த்தாள். "என் பெயரை."

"பெருச்சாளி ஒன்று நடுவில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. சரக்கைக் கொடுத்த அன்றைக்கே இலை கட்டியிருந்தால் அந்தக் காட்டுப்பன்றி மூணு நாள் காய்ச்சலில் கிடந்திருக்குமா? உன் இடம் போகாது. ஆனால் ஒரு மாதம் பாறையின் ஓரத்துக்குத் தள்ளிப் போக வேண்டும்."

கொற்றிக்கு வலித்தது. ஆனாலும் அது நியாயமாகப் பட்டது. தன் மாதிரி வேரை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனாள். அன்று முதல் சந்தையில் எல்லோருடைய பொட்டலத்திலும் இரண்டு இலை கட்டுவது வழக்கமானது. பொழுது சாயும்போது விற்பவர்கள் இலைகளைப் பிரித்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை.

பூதப்பன் தேனடைகளில் பாதியைக் கரடியிடமே திருப்பிக் கொடுத்தான். கிடங்குக்கு மேற்குப் பக்கம் இன்னொரு வாசல் வெட்டினான். பொட்டலம் முயலின் முதுகில் ஏறிய பிறகுதான் சுவரில் குறுக்குக்கோடு போட்டான்.

ஒரு வாரம் கழித்து ஒரு மரநாய் கூடை நிறையப் பலாச்சுளையோடு வந்தது. "அண்ணே, இதையும் கொஞ்சம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்!" என்றது.

பூதப்பன் வழக்கம்போலச் சிரித்தான். வாயைத் திறந்தான். பிறகு திரும்பிக் கிடங்குக்குள் ஒருமுறை பார்த்தான்.

"இப்போ இடமில்லை, தம்பி. அடுத்த மாதம் வா," என்றான். இதைச் சொல்ல இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நம் பெயரில் நடக்கும் வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும், அது சொன்ன நேரத்தில் முடிகிறதா என்று நாமே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.